ஜான்மார்கோ போட்செக்கோ: அடங்காத ஆட்டக்காரர் பயிற்சியாளராகத் தேறினாரா?

2022 ஐரோப்பியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப்பில் செர்பியாவுடன் ஆடிக்கொண்டிருந்த இத்தாலிய அணியின் பயிற்சியாளர் ஆட்டத்தின் நடுவே நடுவர்களால் வெளியேற்றப்படும் காணொளியைப் பார்த்துவிட்டு, "ஆட்டக்காரராக இருந்தபோதே இரண்டு பயிற்சியாளர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய ஒருவரிடம் ஒரு நாட்டின் அணியை எப்படி ஒப்படைத்தார்கள்? இவருக்கு உண்மையில் பயிற்சி தரத் தெரியுமா, வெறும் கூச்சல்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஜான்மார்கோ போட்செக்கோவைப் பற்றியது என்றாலும், களத்தில் கட்டுக்கு அடங்காமல் ஆடிய ஒருவருக்கு மற்றவர்களைக் கட்டிக்காக்கும் வேலை கைவருமா என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். கல்லூரி அணிகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி தருவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். இத்தாலிய லீகைத் தொண்ணூறுகளிலிருந்து தொலைவிலிருந்தே பின்தொடர்ந்து வருபவன். நான் தரும் ஆண்டுகளும் ஆட்ட முடிவுகளும் உறுதியானவை. அவற்றுக்குக் கற்பிக்கும் காரணங்களில் என் கணிப்பும் கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

போட்செக்கோ 1972 செப்டம்பரில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய கொரிட்சியா நகரில் பிறந்தார். உயரம் 1.80 மீட்டர். தொழில்முறைக் கூடைப்பந்தில் இது குள்ளம் என்றே சொல்ல வேண்டிய உயரம். உதீனேயிலும் லிவோர்னோவிலும் தொடங்கி, 1994-இல் வரேசே அணிக்கு வந்தார். வரேசே சாதாரண ஊர் அணி அல்ல. 1970 முதல் 1979 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு வந்து, அதில் ஐந்து முறை வென்ற அணி. ஆனால் 1978-க்குப் பிறகு இத்தாலிய லீக் பட்டம் அதற்குக் கிட்டவே இல்லை. பழைய பெருமையைப் பேசிப் பேசியே ஒரு தலைமுறை வளர்ந்திருந்த ஊரில், பந்தை முன்னே கொண்டு போகும் பாயின்ட் கார்ட் பொறுப்பு இவரிடம் வந்தது.

அவருடைய ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எதிரணியின் தடுப்பு முறையாக அமையும் முன்பே ஓடிப்போய்த் தொலைவிலிருந்தே மூன்று புள்ளி எறிவார். வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் நிற்பவருக்குப் பாஸ் கொடுப்பார். வேகத்தைத் திடீரென்று குறைத்து, தடுப்பவர் தன்னைக் கடந்து போன பிறகு கூடையை நோக்கிப் பாய்வார். பந்து உள்ளே போனால் அரங்கம் கூத்தாடும். போகாவிட்டால் எதிரணிக்கு இலவசமாக ஒரு வேகத் தாக்குதல் கிடைத்துவிடும். எந்தப் பயிற்சியாளராக இருந்தாலும் இப்படிப்பட்ட வீரரைப் பார்த்தால் ஒரே நேரத்தில் மகிழ்ச்சியும் வயிற்றெரிச்சலும் வரும். என் அணிகளிலும் அப்படிச் சிலர் இருந்ததுண்டு, ஆகவே தெரிந்துதான் சொல்கிறேன்.

வரேசேயில் அவரை ஆளத் தெரிந்தவர் கார்லோ ரெக்கல்காத்தி. அவரும் ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர்தான். கான்டூ அணியில் 1968, 1975 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றவர். அமைதியானவர். போட்செக்கோவைத் திருத்த முயலாமல், அவருடைய குறைகளை மற்றவர்களைக் கொண்டு மூடிவிடும் வழியை அவர் கண்டார் என்பது என் கணிப்பு. உயரமும் வலுவும் கொண்ட ஆந்த்ரேயா மெனேகின் அருகில் இருந்ததால், எதிரணியின் ஆபத்தான கார்டை, அதாவது கூடையிலிருந்து தள்ளி நின்று ஆடும் வீரரை, அவரிடம் விட்டுவிட முடிந்தது. 1999-இல் அந்த அணி இறுதித் தொடரில் த்ரெவீசோவை 3-0 என்று வென்று வரேசேயின் பத்தாவது பட்டத்தைப் பெற்றது. அப்போது த்ரெவீசோவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஐரோப்பியக் கூடைப்பந்தில் அதிக வெற்றி கண்டவர்களில் முதல் வரிசையில் நிற்கும் ஜெல்கோ ஒப்ராதொவிச். தலைமுடியைச் சிவப்பாகச் சாயமேற்றிக்கொண்டு போட்செக்கோ கொண்டாடிய படங்களை இத்தாலியில் இன்றும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பின்தான் நீங்கள் குறிப்பிடும் முதல் ஒதுக்கல் நடந்தது. 1999 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்குச் செல்லவிருந்த தேசிய அணியிலிருந்து, தொடங்குவதற்குச் சற்று முன்பு, பயிற்சியாளர் போஷா தான்யெவிச் அவரை நீக்கினார். வரேசேயின் மெனேகின், ஜாக்கோமோ கலாந்தா, சாந்த்ரோ தே போல் மூவரும் பாரிசுக்குப் போனார்கள். இத்தாலி ஸ்பெயினை 64-56 என்று வென்று தங்கம் பெற்றது. இவர் வீட்டிலிருந்து பார்த்தார். தான்யெவிச் செய்தது அநியாயம் என்று அன்று பலர் பேசினார்கள். பயிற்சியாளர் கண்ணோட்டத்தில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எதிரணியை 56 புள்ளிகளில் நிறுத்தித் தங்கம் வாங்கிய அணி அது; உயரத்தையும் தடுப்பையும் நம்பி அமைக்கப்பட்டது. 1.80 மீட்டர் கார்டைக் கூடைக்கு அருகில் இழுத்துச் சென்று அவர் தலைக்கு மேல் எறிவதுதான் எதிரணிகள் முதலில் யோசிக்கும் வழியாக இருந்திருக்கும். தங்கப்பதக்கம் தான்யெவிச்சின் முடிவை நியாயப்படுத்தியது. ஆனாலும் பட்டம் வென்ற அணியின் முதன்மை வீரருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை.

2002-இல் அவர் போலோன்யாவின் ஃபொர்தித்தூதோ அணிக்குப் போனார். 2004 அவருக்கு விசித்திரமான ஆண்டு. ஐரோப்பிய லீக் இறுதியாட்டத்தில் டெல் அவிவில் மக்காபியிடம் 118-74 என்று அவருடைய அணி நொறுங்கியது. இத்தாலிய லீக்கின் இறுதித் தொடரிலும் சியேனாவிடம் தோற்றது. அந்தச் சியேனாவின் பயிற்சியாளர் அதே ரெக்கல்காத்தி. வரேசே, ஃபொர்தித்தூதோ, சியேனா என மூன்று வெவ்வேறு அணிகளுக்கு அவர் லீக் பட்டம் வாங்கித் தந்திருக்கிறார். தேசிய அணியும் அப்போது அவர் பொறுப்பில் இருந்ததால், தன்னைத் தோற்கடித்தவரின் கீழேயே போட்செக்கோ ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். அரையிறுதியில் லிதுவேனியாவை 100-91 என்று வென்ற இத்தாலி, இறுதியில் அர்ஜென்டினாவிடம் 84-69 என்று தோற்று வெள்ளி பெற்றது. அவருடைய ஆட்ட வாழ்க்கையின் மிகப் பெரிய பதக்கம் அதுதான்.

அடுத்த சில மாதங்களிலேயே இரண்டாவது ஒதுக்கல். ஃபொர்தித்தூதோ பயிற்சியாளர் யாஸ்மின் ரெபேஷாவுடன் ஏற்பட்ட மோதலில் அவர் அணியிலிருந்து விலக்கப்பட்டு, பருவத்தின் நடுவே ஸ்பெயினின் சரகோசாவுக்குப் போனார். அவர் இல்லாமலேயே ஃபொர்தித்தூதோ 2005-இல் லீக்கை வென்றது. ரூபன் டக்ளஸ் கடைசி நொடியில் எறிந்த மூன்று புள்ளி செல்லுமா என்று நடுவர்கள் திரையில் பார்த்து உறுதி செய்த பிறகே பட்டம் தீர்மானமானது. ஆக, அவரை வெளியே நிறுத்திய இரண்டு முறையும் அந்த அணிகள் வாகை சூடின. அவருடைய வரலாற்றைப் பேசும்போது ரசிகர்கள் இதை மெல்லக் கடந்துவிடுவார்கள். நான் கடக்க விரும்பவில்லை, ஏனெனில் பிற்காலத்தில் அவர் எப்படிப்பட்ட பயிற்சியாளர் ஆனார் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிறகு ரஷ்யாவின் கிம்கியில் ஆடினார். கடைசியாகச் சிசிலியின் சிறு கடற்கரை ஊரான காப்போ தோர்லாந்தோவில், மேயோ சக்கெத்தியின் பயிற்சியில் ஆடி, 2008-இல் ஓய்வு பெற்றார். சக்கெத்தியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருகிறார்.

இனிப் பயிற்சியாளர் வாழ்க்கை. 2012-இல் அதே காப்போ தோர்லாந்தோவில், இரண்டாம் நிலை லீக்கில் தொடங்கினார். 2014-இல் மேல் லீக்குக்கான இறுதித் தொடர் வரை அணியைக் கொண்டு போய் த்ரென்த்தோவிடம் தோற்றார். சியேனா கிளப் திவாலானதால் காலியான இடத்தில் அந்தச் சிற்றூர் அணி மேல் லீக்குக்குள் நுழைந்தது. அவரோ தன் பழைய வரேசேக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். ஊர் முழுவதும் தெய்வமாகக் கொண்டாடியவர் திரும்பி வந்த அந்தக் கதை ஒரு பருவங்கூட ஓடவில்லை. தோல்விகள் அடுக்கடுக்காக வர, 2015 பிப்ரவரியில் அவரே விலகிக்கொண்டார். உங்கள் கேள்வி அன்று கேட்கப்பட்டிருந்தால், "ஆர்வம் இருக்கிறது, தொழில் இன்னும் கைவரவில்லை" என்று பதில் எழுதியிருப்பேன்.

அதன் பிறகு அவர் செய்தது பலரும் கவனிக்காத ஒன்று. தன் பழைய வரேசே கூட்டாளி வெல்கோ ம்ர்ஷிச் ஜாக்ரெப் நகரின் செதெவீத்தா அணிக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தார். அவருக்கு உதவியாளராகப் போய் உட்கார்ந்தார் போட்செக்கோ. தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் உதவியாளராக இறங்குவதும், அதிலும் ஒலிம்பிக் பதக்கம் வைத்திருக்கும் நட்சத்திரம் ஒருவர் அதற்கு ஒப்புக்கொள்வதும் எளிதில் நடப்பதல்ல. எதிரணியின் காணொளிகளை வெட்டி ஒட்டுவது, ஒவ்வொரு வீரருடனும் தனியாக எறிதல் பயிற்சியில் நிற்பது, டைம்-அவுட்டில் வாயை மூடிக்கொண்டு எண்களைத் தயாராக வைத்திருப்பது என்று உதவியாளர் வேலை பெயர் வராத வேலை. அதைச் செய்தவர்களுக்குத்தான் தலைமை இருக்கையில் எவ்வளவு பேச வேண்டும், எவ்வளவு பேசக்கூடாது என்பது பிடிபடும். 2021-இலும் அவர் அதையே மறுபடி செய்தார். மிலானில் எத்தோரே மெஸ்ஸீனாவுக்கு உதவியாளராகச் சேர்ந்தார், அந்தப் பருவத்தில் மிலான் லீக்கை வென்றது. ஐரோப்பிய லீக்கை நான்கு முறை வென்ற மெஸ்ஸீனா பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் அல்ல. ஸ்பெயின் தேசிய அணிக்கு நான்கு ஐரோப்பியப் பட்டங்களும் 2019 உலகக் கோப்பையும் பெற்றுத் தந்த இத்தாலியர் செர்ஜியோ ஸ்கரியோலோவும் அப்படியே. நன்றாக ஆடியவர்தான் நன்றாகக் கற்றுத் தருவார் என்ற நம்பிக்கைக்கு இத்தாலியிலேயே இத்தனை மறுப்புகள் உண்டு.

இந்த இரண்டு உதவியாளர் காலங்களுக்கும் இடையில்தான் சர்தீனியத் தீவின் சாஸ்ஸாரி வருகிறது. 2019 பிப்ரவரியில், பருவம் பாதி கடந்திருந்தபோது அங்கே பொறுப்பேற்றார். அதே ஆண்டு வசந்தத்தில் சாஸ்ஸாரி தொடர்ச்சியாக இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்றது; ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க்கைத் தோற்கடித்து ஃபிபா ஐரோப்பா கோப்பையைப் பெற்றது; லீக் அரையிறுதியில் மிலானை 3-0 என்று வீழ்த்தியது; இறுதித் தொடரில் வெனீசிடம் ஏழாவது ஆட்டம் வரை போராடி 4-3 என்று தோற்றது. செப்டம்பரில் அதே வெனீசை வென்று இத்தாலிய சூப்பர் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. பருவத்தின் நடுவே வரும் பயிற்சியாளரால் புதிய ஆட்டமுறையை முழுவதுமாகப் புகுத்த முடியாது. அவரால் மாற்ற முடிந்தது வீரர்களின் மனநிலையை. தவறு செய்தால் உடனே பெஞ்சுக்கு இழுத்துவிடுவார்கள் என்ற பயம் நீங்கிவிட்டால் சுமாரான எறியாளரும் தயங்காமல் எறிவார். தயங்காமல் எறியும் பந்துக்கும் ஒரு கணம் யோசித்து எறியும் பந்துக்கும் உள்ள வேறுபாட்டைக் களத்தில் நிற்கும் எவரும் அறிவர். இரண்டு முறை ஒதுக்கப்பட்ட ஒருவர், தன் வீரர் எவருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார் என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு. ஓய்வறைக்கு வெளியே இருப்பவர் எவராலும் இதை நிரூபிக்க முடியாது.

2022 கோடையில் இத்தாலியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு, அப்போது பயிற்சியாளராக இருந்த சக்கெத்தியை நீக்கிவிட்டுத் தேசிய அணியை இவரிடம் தந்தது. ஓராண்டுக்கு முன்புதான் சக்கெத்தி பெல்கிரேடில் செர்பியாவை அதன் சொந்த மண்ணில் வென்று இத்தாலியை டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அழைத்துச் சென்றிருந்தார். எனவே, "எப்படி ஒப்படைத்தார்கள்" என்ற உங்கள் வியப்பு இத்தாலியிலும் இருந்தது. போட்செக்கோ செய்த முதல் நல்ல காரியம், முதுமையை எட்டிவிட்ட ரெக்கல்காத்தியைத் தன் உதவியாளர் குழுவில் சேர்த்துக்கொண்டதுதான். அந்த ஆண்டு அணியின் முக்கிய வீரர் தனிலோ கல்லினாரி முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போனார். உயரமான நடு ஆட்டக்காரர்கள் குறைவு. பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை.

நீங்கள் பார்த்த ஆட்டம் செப்டம்பர் 11 அன்று பெர்லினில் நடந்தது. எதிரே நிகோலா யோகிச், அப்போது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏயின் மதிப்புமிக்க வீரர் விருது பெற்றிருந்தவர். அன்று 32 புள்ளிகள் எடுத்தார். அவருக்கு எதிராக 2.05 மீட்டர் நிக்கோலோ மெல்லியை நடுவில் நிறுத்தி, மற்ற நால்வரையும் எறியக்கூடியவர்களாக வைத்து, யோகிச்சைக் கூடையிலிருந்து வெளியே இழுத்தது இத்தாலி. மார்கோ ஸ்பிஸ்ஸு 22 புள்ளிகள் எடுத்தார். அவர் சாஸ்ஸாரியில் பிறந்தவர், அங்கே போட்செக்கோவிடம் ஆடியவர், உயரத்திலும் அவரைப் போலவே சிறியவர். 1999-இல் தனக்கு மறுக்கப்பட்ட இடத்தில் போட்செக்கோ தன்னைப் போன்ற ஒருவரை நிறுத்தி வைத்தார் என்று சொன்னால் மிகையாகாது. தலைமைப் பயிற்சியாளர் தன் நடத்தைக்காக இரண்டு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினால் வெளியேற வேண்டும் என்பது விதி. அப்படித்தான் அவர் வெளியேறினார். உதவியாளர் எதுவார்தோ கசலோனே மீதி ஆட்டத்தை நடத்தினார். 94-86 என்று இத்தாலி வென்றது.

வெளியேற்றம் அணியை உசுப்பிவிட்டது என்று எழுதாத பத்திரிகை இல்லை. எனக்கு இதில் பலத்த ஐயம் உண்டு. ஒவ்வொரு டெக்னிக்கல் ஃபவுலும் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவை, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் ஒரு வாய்ப்பைத் தருகிறது. இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்களில் அது விலை உயர்ந்த கோபம். மேலும் 2023 உலகக் கோப்பையில் மணிலாவில் டொமினிக்கன் குடியரசுக்கு எதிராக அவர் இதேபோல் வெளியேற்றப்பட்டார். அன்று இத்தாலி 87-82 என்று தோற்றது. ஒரு முறை வெற்றி, ஒரு முறை தோல்வி. இதை வைத்துக்கொண்டு கோபம் பலன் தரும் என்று யாரும் நிறுவ முடியாது. பெர்லினில் உண்மையில் தெரிந்தது வேறு. அவர் இல்லாதபோதும் அணி குழம்பவில்லை, ஆட்டமுறை மாறவில்லை, கசலோனே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. திட்டம் வீரர்களின் கையில் ஏற்கெனவே இருந்தது. அது பயிற்சியாளரின் வேலை, கூச்சலால் வருவதல்ல.

கால் இறுதியில் பிரான்சுடன் வெற்றி கையில் இருந்தது. 77-75 என்று முன்னிலையில், கடைசி நொடிகளில் சிமோனே ஃபொன்தெக்கியோவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன, இரண்டும் தவறின. பிரான்ஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 93-85 என்று வென்றது. அணியின் சிறந்த எறியாளர்களில் ஒருவர் அந்த இடத்தில் தவறவிட்டதற்கு எந்தப் பயிற்சியாளரையும் குறை சொல்ல முடியாது. மறு ஆண்டு உலகக் கோப்பையில் யோகிச் இல்லாத செர்பியாவை 78-76 என்று வென்று, 1998-க்குப் பின் முதல் முறையாக இத்தாலி கால் இறுதிக்கு வந்தது. அங்கே அமெரிக்காவிடம் 100-63 என்று தோற்று எட்டாம் இடத்தில் முடித்தது. இத்தாலியக் குடியுரிமையும் பெற்றிருந்த என்பிஏ வீரர் பாவ்லோ பான்கேரோ அந்தத் தொடரில் அமெரிக்காவுக்கு ஆடத் தீர்மானித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பின் வந்த கதை ஏற்றமாக இல்லை. 2023 டிசம்பரில் தேசியப் பொறுப்போடு சேர்த்துப் பிரான்சின் வில்லூர்பான் கிளப்பையும் ஏற்றார். 2024-இலேயே அது முடிந்துவிட்டது. அதே ஆண்டு புவெர்ட்டோ ரிக்கோவில் நடந்த தகுதிச் சுற்றில் லிதுவேனியாவிடம் தோற்றதால் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. 2025 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஸ்கரியோலோவின் ஸ்பெயினை 67-63 என்று வென்றது நல்ல வெற்றி. ஆனால் அடுத்த சுற்றில் ஸ்லோவேனியாவின் லூகா டோன்சிச் ஒருவரே 42 புள்ளிகள் எடுக்க, 84-77 என்று தோற்று வெளியேறியது இத்தாலி. போட்செக்கோவின் தேசிய அணிக் காலம் அத்துடன் முடிந்தது. அவர் இடத்துக்கு லூகா பாங்கி வந்தார்.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். பயிற்சி தரத் தெரியுமா என்றால், தெரியும். சாஸ்ஸாரியின் 2019-ஐயும் பெர்லினின் 2022-ஐயும் வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. மிகப் பெரிய பயிற்சியாளரா என்றால், தலைமைப் பயிற்சியாளராக அவரிடம் லீக் பட்டமும் இல்லை, தேசிய அணிக்கு வாங்கித் தந்த பதக்கமும் இல்லை. ரெக்கல்காத்தியிடம் இரண்டும் உண்டு. போட்செக்கோவின் முறை குறுகிய காலத்தில், பிறர் மதிப்புக் குறைவாக வைத்திருக்கும் வீரர்களிடம் நன்றாக வேலை செய்கிறது. எட்டு ஒன்பது மாதங்கள் நீளும் கிளப் பருவத்தில், தோல்வி தொடங்கியதும், அதே உணர்ச்சி வேகம் அவரையும் அணியையும் களைப்பாக்கிவிடுகிறது. இதில் முதல் பாதியை ஆட்ட முடிவுகள் தாங்குகின்றன. இரண்டாம் பாதிக்கு வரேசேயையும் வில்லூர்பானையும் சான்றாகக் காட்டலாம். ஆனால் இரண்டும் சிக்கலில் இருந்த கிளப்புகள் என்பதால் அந்தச் சான்று வலுவானதல்ல. தேசிய அணி மூன்று நான்கு வாரங்கள்தான் ஒன்றாக இருக்கும். அந்த வகையில் கூட்டமைப்பு அவருக்கு ஏற்ற வேலையைத்தான் கொடுத்தது என்பேன், சக்கெத்தியை நீக்கிய விதம் எனக்கு ஒப்பாவிட்டாலும்.

கேள்வியின் கடைசியில், எந்த ஆட்டத்தைப் பார்த்தால் அவரைப் புரிந்துகொள்ளலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். வெளியேற்றத்தின் அரை நிமிடத் துண்டை விட்டுவிட்டு, பெர்லின் ஆட்டத்தின் நான்காம் கால் பகுதியை முழுவதுமாகப் பாருங்கள். யோகிச் பந்தைப் பெறும் ஒவ்வொரு முறையும் மெல்லி எங்கே நிற்கிறார், ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள் எந்த நொடியில் உதவிக்கு வருகிறார் என்பதைக் கவனித்தால் போதும். பிறகு நேரமிருந்தால் 2004 அரையிறுதியில் லிதுவேனியாவுக்கு எதிரான ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அதில் ரெக்கல்காத்தி அவரை எப்போது களத்தில் இறக்குகிறார், எப்போது எடுக்கிறார் என்று குறித்துக்கொண்டே பார்க்க வேண்டும்.